தாயின் காய்ச்சலும் பிள்ளையின் வளர்ச்சியும்: வடசென்னையை முன்வைத்து

2011ஆம் ஆண்டில் சென்னையின் 50 இடங்களில் வீடுவீடாகச் சென்று 1010 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 93 விழுக்காட்டினருக்கு டெங்கு ஏற்கெனவே வந்து போயிருந்தது. சிக்குன்குனியா வந்து போனவர்கள் 44 விழுக்காடு. ரத்தம் சொன்ன இந்தக் கணக்கைவிட, அந்த மனிதர்கள் வாயால் சொன்ன கணக்குதான் வியப்பானது. டெங்கு தொற்றியிருந்தவர்களில் தனக்கு டெங்கு வந்தது என்று அறிந்திருந்தவர் நூற்றுக்கு ஒருவர். சிக்குன்குனியா மூட்டை முடக்கிப் போடும் நோய் என்பதால் அது கொஞ்சம் நினைவில் நின்றிருக்கிறது. அதிலும் ஐந்தில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. இதன் பக்கத்தில் அரசின் கணக்கை வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு முழுவதற்கும் 2012இல் பதிவான டெங்கு நோயாளிகள் 12,826 பேர். பெரும் பரவல் ஆண்டான 2017இல் 23,294 பேர். ஒரு நகரத்தில் கிட்டத்தட்ட எல்லோரையும் தொட்டுவிட்ட நோய், மாநிலப் பதிவேட்டில் சில ஆயிரங்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. அந்தத் தொற்று கர்ப்பிணிகளை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்காது. ‘வைரல் ஃபீவர்’ என்று மூன்று நாள் மாத்திரையோடு முடிந்துபோன அந்தக் காய்ச்சல்கள் வயிற்றிலிருந்த குழந்தையை என்ன செய்தன என்பதே இங்கு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி. உலகெங்கும் சேர்ந்திருக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது: தாய்க்கு வந்த காய்ச்சல் எந்த வாரத்தில் வந்தது, எந்த வைரஸால் வந்தது என்பதை எழுதிவைத்து, அந்தக் குறிப்பைப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை அதனோடு சேர்த்து அனுப்பியாக வேண்டும். இது இல்லாமல் நாம் செய்யும் கொசு ஒழிப்பும் மகப்பேறு சேவையும் பாதியிலேயே நிற்பவை.

வடசென்னையை முன்வைக்கக் காரணம் உண்டு. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் இந்தப் பகுதியில் அரசு மகப்பேறு என்றாலே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைதான். காய்ச்சல் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, அல்லது தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை. அதற்கும் முன்னால் தெருமுனை கிளினிக். பிறந்த குழந்தையின் வளர்ச்சியைப் பார்ப்பது அங்கன்வாடி. காய்ச்சல் ஓரிடம், பிரசவம் ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்று ஆகிவிடுகிறது. கொசு விஷயத்திலும் இந்தப் பகுதிக்கு ஒரு தனி முரண் இருக்கிறது. இங்கே மக்கள் புகார் சொல்வது பக்கிங்ஹாம் கால்வாயையும் தேங்கிய சாக்கடையையும் பற்றி. அங்கே பெருகி இரவில் தூங்கவிடாமல் செய்வது பெரும்பாலும் கியூலெக்ஸ். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் சுமக்கும் ஏடிஸ் எஜிப்டி, பகலில் கடிப்பது; வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த நீரைத் தேடிப் போவது. குழாயில் தண்ணீர் நாள் தவறி வரும் இடத்தில், லாரித் தண்ணீரைப் பிடித்து டிரம்மிலும் குடத்திலும் சேர்த்துவைக்காமல் குடும்பம் நடத்த முடியாது. 2019 கோடையில் நகரமே வறண்டபோது டிரம் இல்லாத வீடு இருந்திருக்காது. இதோடு லாரி பட்டறைகளின் பழைய டயர்கள், கன்டெய்னர் முற்றங்கள், கரையேற்றிக் கிடக்கும் பழுதான படகுகள் சேர்ந்துகொள்கின்றன. ஏடிஸ் முட்டை ஈரம் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரிக்கும். பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் கர்ப்பிணியும் பகலில் கடிக்கும் வீட்டுக் கொசுவும் ஒரே அறையில் வாழ்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

மூன்று வைரஸ்களில் பிள்ளைகளைப் பற்றித் தெளிவாகப் பேசும் சான்று சிக்குன்குனியாவுக்குத்தான் இருக்கிறது. அந்தச் சான்று வந்த இடம் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழும் தீவு. 2005-06இல் அந்தத் தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைச் சிக்குன்குனியா தாக்கியது. அங்குள்ள மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2008இல் வெளியிட்ட முடிவு துல்லியமானது. பிரசவத்துக்கு வெகு முன்னால் காய்ச்சல் வந்து தணிந்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. கரு கலைந்தது மிக அரிது. ஆனால் பிரசவ நேரத்தில் வைரஸ் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த 39 தாய்மார்களில் 19 பேரின் குழந்தைகளுக்கு நோய் தொற்றியது. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அறுவை செய்து எடுத்தும் இந்தத் தொற்றைத் தடுக்க முடியவில்லை. அந்த 19 குழந்தைகளும் பிறக்கும்போது நல்ல உடல்நிலையில் இருந்தவை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள்தான் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, வலி, வீக்கம், தோல் சிவப்பது என்று தொடங்கியது. பத்துக் குழந்தைகளுக்கு நோய் கடுமையானது, அவர்களில் பெரும்பாலானோருக்கு மூளையும் பாதிக்கப்பட்டது. நம் ஊர் வழக்கப்படி சுகப்பிரசவம் ஆன தாயைச் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அதாவது நோய் வெளியே தெரியும் நாளில் குழந்தை மருத்துவமனையில் இருக்காது.

ரீயூனியன் மருத்துவர்கள் அதோடு நிற்கவில்லை. நோய் தொற்றிய 33 குழந்தைகளையும் தொற்றாத 135 குழந்தைகளையும் இரண்டு வயதுவாக்கில் சோதித்துப் பார்த்தார்கள். வளர்ச்சி பின்தங்கியிருந்தது தொற்றாதவர்களில் 15 விழுக்காடு. தொற்றியவர்களில் 51 விழுக்காடு. கையும் கண்ணும் ஒத்து இயங்குவதிலும் பேச்சிலும்தான் பின்னடைவு அதிகம். மூளை வீங்கிப் பிழைத்த குழந்தைகள் சிலருக்குத் தலையின் வளர்ச்சி குன்றியது. சிலருக்கு மூளை முடக்குவாதம் வந்தது. 33 என்பது சிறிய எண்தான். ஆனால் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. பேச்சு தாமதமான குழந்தையை அங்கன்வாடியில் பார்க்கும் ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாயின் பிரசவ வலியோடு சேர்ந்து வந்த காய்ச்சலை நினைத்துப் பார்க்க வழியே இல்லை. ஆய்வுக்காகத் தொடர்ந்து போனதால்தான் அங்கே இந்தத் தொடர்பு தெரிந்தது.

இதே வைரஸ் சென்னைக்குப் புதிது அல்ல. 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் பெரும் கொள்ளைநோயாக வந்தது. 1973இல் மகாராஷ்டிரத்தில் தலைகாட்டிவிட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் காணாமல் போனது. 2005 இறுதியில் திரும்பி வந்து, 2006இல் நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் அதிகமானோரைப் படுக்கவைத்தது. அப்போதும் பின்னரும் இந்திய மருத்துவமனைகள் பிறந்த குழந்தைகளின் சிக்குன்குனியாவைக் கண்டு எழுதியிருக்கின்றன. மூக்கின் மேலும் முகத்திலும் திட்டாகக் கருமை படிவது இந்தியக் குழந்தைகளில் கவனிக்கப்பட்ட அடையாளம். ஆனால் நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் சிறு சிறு நோயாளிக் குறிப்புகள். வருடக்கணக்கில் பின்தொடர்ந்த கணக்கு அல்ல. இங்கே 2011 ஆய்வின் 44 விழுக்காட்டை மீண்டும் பார்க்க வேண்டும். இந்த நோய் நகரத்தில் நிரந்தரமாகப் புகைந்துகொண்டிருப்பதில்லை. அவ்வப்போது வெடித்து ஓய்கிறது என்பதும் அந்த ஆய்வின் கணிப்பு. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அரிது. அப்படியானால் 2006 அலைக்குப் பின் பிறந்த பெண்கள்தான் அடுத்த அலையில் மிகவும் ஆபத்தில் இருப்பவர்கள். அவர்களில் மூத்தவர்கள் இருபதை நெருங்கிவிட்டார்கள். இனி ஆண்டுக்கு ஆண்டு மகப்பேறு வார்டுக்கு வரப்போவது அவர்கள்தான். ரீயூனியனில் ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025இல் மீண்டும் பெரும் பரவல் வந்ததும், மீண்டும் சிசுக்கள் பாதிக்கப்பட்டதும் நமக்கு முன்னறிவிப்பு.

டெங்கு விஷயத்தில் இவ்வளவு தெளிவு இல்லை. இல்லாத தெளிவை இருப்பதாகச் சொல்வதும் தவறு. பிரேசிலில் லட்சக்கணக்கான பிறப்புப் பதிவுகளை டெங்குப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், அறிகுறியோடு டெங்கு வந்த தாய்மார்களுக்குக் குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. கடுமையான டெங்குவில் ஐந்து மடங்கு அளவுக்குப் போனது. குறைமாதம், எடைக் குறைவு பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பலவற்றைத் தொகுத்துப் பார்த்த சில ஆய்வுகள், சராசரியில் பெரிய வேறுபாடு இல்லை என்று முடிக்கின்றன. பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளையே ஒப்பிட்டவர்கள், டெங்கு வந்த கர்ப்பத்தில் பிறந்த பிள்ளை எடை மிகக் குறைந்து பிறக்கும் வாய்ப்பும், முதல் சில ஆண்டுகளில் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பும் கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். வறுமை, வீடு, சாப்பாடு எல்லாம் ஒரே தாய்க்குப் பொது என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு டெங்கு வந்தால் குழந்தைக்கும் தொற்றலாம் என்பதில் சந்தேகம் இல்லை. பிரெஞ்சு கயானாவில் 2012-13இல் 54 தாய்-சேய் இணைகளைப் பார்த்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்குத் தொற்றியிருந்தது. அப்படிப் பிறந்த குழந்தைக்கு முதல் பத்துப் பதினொரு நாட்களுக்குள் காய்ச்சலும் தட்டணுக் குறைவும் வரும். அதைச் சாதாரணக் கிருமித் தொற்று என்று எண்ணிவிடுவது எளிது. தாயின் பக்கமும் சிக்கல்தான்: கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே நீர்த்திருப்பதால், டெங்குவில் ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் அளவு கண்ணை ஏமாற்றும். பிரசவ ரத்தப்போக்கும் தட்டணுக் குறைவும் ஒன்றாகச் சேர்ந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

நோய் வராத குழந்தைக்கும் டெங்குவோடு ஒரு தொடர்பு உண்டு என்பது இந்தத் துறையின் விநோதம். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்தவரின் எதிர்ப்பொருள் மற்றொரு வகையைத் தடுக்கும் அளவுக்கு வலுவில்லாதபோது, தடுப்பதற்குப் பதிலாக அதை உடல் செல்களுக்குள் ஏற்றிவிடுகிறது. தாயிடமிருந்து எதிர்ப்பொருள் பெற்ற குழந்தைக்கு முதல் சில மாதம் அது காப்பு. ஆறாம் மாதத்துக்கு மேல் அந்த அளவு தேய்ந்ததும் காப்பே வினையாக மாறி, முதல் முறை வரும் டெங்குகூடக் கடுமையாகலாம். பாங்காக்கில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இது கண்டறியப்பட்டது. நூற்றுக்கு 93 பேருக்கு டெங்கு வந்து போன நகரத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தையும் இந்த எதிர்ப்பொருளோடு பிறக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால், பெரியவர்களைவிட முன்கூட்டியே சந்தேகப்பட வேண்டும்.

ஜிகாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உலகம் அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டது. 2015இல் பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகள் பிறக்கத் தொடங்கியதும், 2016 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி அறிவித்ததும் தெரிந்தவை. சிக்குன்குனியாவுக்கு நேர்மாறாக இங்கே முதல் மூன்று மாதம்தான் ஆபத்து மிகுந்த காலம். அமெரிக்கக் கண்டத்தில் உள்ள பிரெஞ்சுப் பகுதிகளில் நடந்த ஆய்வில், தொற்றிய கர்ப்பங்களில் மொத்தமாக 7 விழுக்காட்டிலும், முதல் மூன்று மாதத்தில் தொற்றியவற்றில் 12.7 விழுக்காட்டிலும் மூளையோ கண்ணோ பாதிக்கப்பட்டது. இந்தியாவில் 2017இல் அகமதாபாத், அதே ஆண்டு ஜூலையில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நாட்றாம்பாளையம், 2018இல் ஜெய்ப்பூர், 2021இல் திருவனந்தபுரமும் கான்பூரும், 2024இல் புணே என்று ஜிகா தலைகாட்டியது. பிரேசிலில் நடந்தது போன்ற பேரழிவு இங்கே பதிவாகவில்லை. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம், அளவோடு. பிரேசிலில் மருத்துவர்கள் விழித்துக்கொண்டது தாயின் காய்ச்சலைக் கண்டு அல்ல. குழந்தையின் தலையைக் கண்டு. தலை இயல்பாக இருந்து, கண்ணும் காதும் பிறகு குறைபட்ட குழந்தைகள் இன்னும் தாமதமாகத்தான் தெரியவந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் குறை இல்லாவிட்டால் யாரும் தேடமாட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வடசென்னைக் குழந்தைகளுக்குக் கொசுதான் பெரிய எதிரியா? தாய்மார்களின் ரத்தசோகை, சர்க்கரை, குறை எடை இருக்கின்றன. மணலி, எண்ணூர் ஆலைகளின் புகை, அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய், அதே மாதக் கடைசியில் கசிந்த அமோனியா என்று இந்தப் பகுதி சுமப்பவை ஏராளம். பிள்ளையின் வளர்ச்சி குன்றினால் எதைக் காரணம் காட்டுவது? கேள்வி சரி. எண்ணிக்கையில் ரத்தசோகை பாதிக்கும் பிள்ளைகள் கொசுவால் பாதிக்கப்படுபவர்களைவிடப் பல மடங்கு அதிகம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பல காரணங்கள் கலந்து கிடக்கும் இடத்தில்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியே குறித்துவைப்பது கட்டாயம் ஆகிறது. தாயின் காய்ச்சல் எழுதப்படாவிட்டால் வைரஸால் வந்த பாதிப்பும் புகையின் கணக்கில் சேரும், அல்லது வறுமையின் கணக்கில் சேரும், பெரும்பாலும் தாயின் கவனக்குறைவு என்ற கணக்கில் சேரும். மாசுக்கு எதிராகப் போராடுபவர்களுக்கும் இந்தப் பிரிப்பு தேவை. கலங்கிய கணக்கு ஆலைகளுக்குத்தான் வசதி.

இன்னொரு மறுப்பை மருத்துவர்களே சொல்வார்கள்: மூன்றுக்கும் மருந்து இல்லை, கண்டுபிடித்து என்ன பயன்? மருந்து இல்லைதான். டெங்கு, சிக்குன்குனியாத் தடுப்பூசிகள் சில உலகில் வந்துவிட்டன; உயிருள்ள வைரஸைக் கொண்டு செய்தவற்றைக் கர்ப்பத்தில் போட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் தொடங்கிய டெங்குத் தடுப்பூசிச் சோதனையின் பலன் வருவதற்குக் காலம் ஆகும். ஆனால் அறிதலே இங்கு சிகிச்சையை மாற்றுகிறது. நிறைமாதத்தில் டெங்கு என்று தெரிந்தால், அவசரம் இல்லாத பிரசவத் தூண்டலையும் அறுவையையும் ஆபத்தான நாட்கள் கடக்கும்வரை தள்ளிவைக்கலாம். ரத்தத்தைத் தயாராக வைக்கலாம். ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளைத் தவிர்த்துப் பாராசிட்டமாலோடு நிற்கலாம். குழந்தையை ஒரு வாரம் பத்து நாள் கண்காணிப்பில் வைக்கலாம். சிக்குன்குனியா தொற்றிய குழந்தைக்கு இரண்டு வயதில் பேச்சு வரவில்லை என்று அறிந்து ஓடுவதைவிட, ஆறாம் மாதத்திலிருந்தே பயிற்சி தொடங்கினால் கிடைக்கும் பலன் வேறு. காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாட்களுக்குள் என்.எஸ்.1 சோதனை, அதன் பிறகு ஐ.ஜி.எம். சோதனை என்பது அரசு மருத்துவமனையில் இன்று எட்டாத விஷயம் அல்ல.

பயமுறுத்துவதாகவும் சிலர் குறை சொல்லலாம். காய்ச்சல் வந்ததுமே கருவைக் கலைக்கச் சொல்லும் உறவினர்கள் கிளம்பிவிடுவார்கள் என்பது வெறும் கற்பனை இல்லை. இதற்கு மருந்து மறைத்தல் அல்ல, எண்களைச் சரியாகச் சொல்லுதல். கர்ப்பத்தின் நடுவில் சிக்குன்குனியா வந்து தணிந்தால் பெரும்பாலும் பயமில்லை. டெங்குவுக்கும் கருவின் உறுப்புக் குறைபாடுகளுக்கும் உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. ஜிகாவிலும் முதல் மூன்று மாதத்தில் தொற்றிய எட்டுப் பேரில் ஏழு பேரின் பிள்ளைக்கு மூளை, கண் குறைபாடுகள் வரவில்லை. இவை எதுவும் கருவைக் கலைக்கச் சொல்லும் எண்கள் அல்ல. கவனமாகப் பார்க்கச் சொல்லும் எண்கள். நிலவேம்புக் குடிநீரையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கும் காலத்தில் கர்ப்பிணியும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிடுகிறார். நிலவேம்பு கர்ப்பத்துக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைக் குறிப்பே சொல்கிறது. மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

செய்ய வேண்டியதற்குப் புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தமிழ்நாட்டில் பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவும் அதில் கிடைக்கும் ஆர்.சி.எச். எண்ணும் இருக்கின்றன. 2013இலிருந்து நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கின்றன. கர்ப்ப காலக் காய்ச்சல், வாரம், சோதனை முடிவு ஆகிய மூன்றையும் கட்டாயக் கட்டங்களாக்கி, அந்த எண்ணைப் பிள்ளையின் சோதனை அட்டையோடு கோக்க வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மண்டலங்களில் பத்தாண்டு இதைச் செய்தால் ரீயூனியனைவிடப் பெரிய சான்று நம் கையில் இருக்கும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தோடு வீடு ஏறும்போது, கர்ப்பிணி உள்ள வீட்டையும் அதைச் சுற்றியுள்ள இருபது வீடுகளையும் முதலில் பார்க்கும் பட்டியலும் இதே பதிவிலிருந்து கிடைக்கும். தெருவில் அடிக்கும் புகையைவிட அது உருப்படியான வேலை. எல்லாவற்றுக்கும் அடியில், தண்ணீர் தினமும் குழாயில் வராதவரை டிரம் போகாது, டிரம் போகாதவரை ஏடிஸ் போகாது என்பதை மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அதுவரை வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கர்ப்பத்தில் எந்த மாதம் காய்ச்சல் வந்தாலும் தேதியைக் குறித்து வையுங்கள். சோதனைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நிறைமாதத்தில் என்றால் பிரசவ அறைக்குள் போகும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தையோடு வீடு திரும்பும் முன் தாய் சேய் நல அட்டையில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.